மருந்தும் பத்தியமும்

(கரிவலம்வந்தநல்லூரில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் செய்த பிரசங்கம்)



பால்வண்ணநாதர் சந்நிதி விளங்கும் இவ்வூரில் உங்கள் முன் பேச நேர்ந்ததை என் பாக்கியமாகக் கருதுகிறேன். நான் வைத்தியனல்லன், நெடுங்காலம் மருந்துக்கடையில் நின்று, சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்தவன். அந்த அநுபவத்தைக் கொண்டே சில வார்த்தைகள் சொல்லத் துணிகிறேன்.

நம் முன்னோர் நாட்டு வைத்தியரிடம் மருந்து வாங்கினால் இரண்டு கேள்விகளைக் கேளாமல் திரும்பமாட்டார்கள். ஒன்று, அனுபானம் யாது என்பது. மற்றொன்று, பத்தியம் யாது என்பது. எதனோடு உட்கொள்ளுவது, எதை நீக்குவது என்னும் இரண்டும் மருந்தைச் சேர்ந்தவையே என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். இங்கிலீஷ் மாத்திரை வந்தபின் அவ்விரு கேள்விகளும் நம்மிடையே மறைந்தன. மாத்திரைக்குப் பத்தியம் இல்லையென்று நாமே தீர்மானித்துக்கொண்டோம். அது பெரும் பிழை.

பாலையே எடுத்துக்கொள்ளுவோம். பாலின் பெயரால் இறைவனைப் போற்றும் ஊரில் பாலைக் குறை கூறுவதாக எண்ணவேண்டாம். ஆயினும் டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் முதலிய மருந்துகளைப் பாலோடு விழுங்கினால், பாலிலுள்ள கால்சியம் அம்மருந்தைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவொட்டாமல் தடுத்துவிடும். கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு உட்கொண்டால், தேநீரின் துவர்ப்புச் சத்து இரும்பை வீணாக்கும். மருந்து பலிக்கவில்லையென்று நாம் வைத்தியரை நோவோம். குற்றமோ நம் கையிலிருந்த கோப்பையில் இருக்கும்.

இப்பொறுப்பு நம் வீட்டுக்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. முன்னாளில் க்ஷயரோகிகளை ஆரோக்கிய நிலையங்களில் மாதக்கணக்காக வைத்துச் சிகிச்சை செய்தார்கள். 1956ஆம் வருஷம் சென்னையில் க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. ஒரு சாராரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றொரு சாராரை வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்த ஏழைகளுக்கு நல்ல ஆகாரமும் ஓய்வும் குறைவாயிருந்தும், அவர்களும் ஏறக்குறைய அவ்வாறே குணமடைந்தார்கள். 1959இல் வெளியான இம்முடிவு உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது. வீடே ஆஸ்பத்திரியாயிற்று, ஆகவே அடுப்படியைக் காப்பவர்களும் சிகிச்சையில் பங்காளிகளானார்கள்.

அந்த மருந்துகளில் ஒன்று ஐசோனியாசிட், இன்றும் வழங்குவது. இதை உட்கொண்ட இலங்கை நோயாளிகள் சிலருக்குச் சூரை முதலிய மீன்களைத் தின்றதும் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் உண்டாயின. ஊரகொட, கொட்டேகொட என்னும் இருவர் 1977இல் இதன் காரணத்தை எழுதினார்கள். பதம் கெட்ட அத்தகைய மீனில் ஹிஸ்டமின் என்னும் பொருள் மிகும். அதைச் சிதைக்கும் சக்தி நம் உடலில் உண்டு. அச்சக்தியை இம்மருந்து தடுத்துவிடுகிறது.

மீனைக் காட்டிலும் கொடியது மது. க்ஷயரோக மருந்துகள் ஈரலைத் தாக்கக்கூடியவை. மதுவும் சேர்ந்தால் அந்த அபாயம் பெருகும். குடித்த நாளில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோரும் உண்டு. அதனால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும். தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லுகிறேன். நம்மவர் ஒருவர், நீரிழிவுக்கு மருந்து உண்பவர், ஒரு கலியாணத்துக்குச் சென்று, உணவு கொள்ளாமல் குடித்துவிட்டு இரவில் வீடு திரும்பினார். உடல் வியர்த்தது, நாக்குக் குழறியது. வெறி தெளியட்டும் என்று அவரைத் திண்ணையில் கிடத்தினார்கள். அயலார் அறிந்தால் மானம் போகுமென்று ஒருவரையும் அழைக்கவில்லை. உண்மையில் அவர் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. மதுவை அகற்றும் வேலையில் ஈடுபட்ட ஈரல், சர்க்கரையை வெளிவிடத் தவறும். மருந்தோ அதை மேலும் இறக்கும். விடிந்தபின் ஆஸ்பத்திரியில் வைத்தியர், "குடிப்பதுண்டா?" என்று வினவ, அம்மாள், "எங்கள் குலத்தில் அந்த வழக்கமே இல்லை" என்றாள். அவர் பிழைத்தார், ஆனால் பழைய ஞாபகசக்தி திரும்பவில்லை.

அவ்வம்மாளை நான் குறை கூறேன். நம்மில் குடிப்பவர் இல்லையென்று மேடைதோறும் முழங்கி, அந்த வாக்கியத்தை அவள் வாயில் வைத்தவர்கள் நாமே. குடியை ஒழிக்க நாம் பாடுபடுவது தகும். ஒழிந்துவிட்டதாக நடிப்பது தகாது. குலத்தின் மானம் பெரிதுதான்; அதைக் காக்கும் பொருட்டு ஒரு மனிதனுடைய அறிவை இழக்கலாமா?

ஆதலால் உங்களை வேண்டிக்கொள்ளுவது மூன்று. மருந்து வாங்கும்போது, எதனோடு உட்கொள்ளுவது, எதை நீக்குவது என்று கேளுங்கள். உண்பதையும் குடிப்பதையும் வேறு மருந்துகளையும் வைத்தியரிடம் மறையாதீர்கள். நீரிழிவுக்காரர் தடுமாறினால் வெறியென்று விட்டுவிடாதீர்கள். விழுங்கும் நிலையிலிருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108 வண்டியை அழையுங்கள்.