நாற்பதுக்கு மேல் உபாத்தியாயர் ஆகலாமா?

(எடப்பாடியில் நெசவுத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் சாமியைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ அதிகம் பேசப் போவதில்லை. இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் தறிக்காரத் தோழர்கள் சிலர் நம்மைத் தனியே கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, பட்டம் வாங்கி வருஷம் பதினைந்தாயிற்று. தறி வருமானம் போதவில்லை. இந்த வயதில் பி.எட். படித்து சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகலாமா? ஊர் சிரிக்காதா?" என்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆகலாம் என்பதுதான் நமது பதில். ஆனால் ஆகலாம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவது யோக்கியமான காரியமாகாது. வழியில் உள்ள கதவுகளையும், அந்தக் கதவுகளை வைத்தவர்கள் செய்த கூத்துகளையும் சொல்லித்தானாக வேண்டும்.

முதற் கதவு நம் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. ஓதுவிப்பது ஒரு ஜாதிக்கே உரிய தொழில் என்று மனு எழுதி வைத்தான். அவனவன் பிறந்த தொழிலில் அவனவன் கிடக்க வேண்டுமாம்! இது ஏதோ பழங்காலத்துச் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். 1953-ல் இராஜாஜி முதல் மந்திரியாயிருந்தபோதுதான், பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் வந்தது. 1954-ல் காமராஜர் வந்த பிறகு அது ஒழிந்தது. திட்டம் ஒழிந்ததே தவிர, "தறிக்காரனுக்கு வாத்தியார் வேலை எதற்கு?" என்ற நினைப்பு ஒழிந்ததா? இதை மேல்ஜாதிக்காரன் சொல்லவில்லை, தோழர்களே! பக்கத்துத் தறிக்காரன்தான் சொல்லுகிறான்!

தறிக்காரனுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கெஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு. எண்பதாம் நம்பர் என்றால் அதே ஒரு பவுண்டுக்கு எண்பது சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகிறது. இதைத்தான் தலைகீழ் விகிதம் என்று பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் விழிக்கும்படி செய்கிறார்கள். இருபது வருஷம் பாவும் ஊடையும் கணக்குப் பார்த்தவன் ஒரு நூலைக் கையில் கொடுத்துச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குப் புரியாது?

நிற்க. இரண்டாவது கதவு வயது. முன்பு நம் மாகாணத்தில் 57 வயது வரை உபாத்தியாயர் வேலையில் சேர இடமிருந்தது. 2020-ல் பொதுப் பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று வெட்டிவிட்டார்கள். அப்போது முதலமைச்சராயிருந்தவர் நம் எடப்பாடித் தொகுதிப் பிரதிநிதிதான். 2021-ல் வேறு கட்சி ஆட்சிக்கு வந்து கொஞ்சம் தளர்த்தியது. 2023-ல் பரீட்சை தேறியவர்கள் சென்னையில் பட்டினி கிடந்து போராடிய பிறகுதான் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று அறிவித்தார்கள். நாம் கட்சி பார்த்துப் பேசவில்லை. 45 வயதில் நேற்றுவரை தகுதியாயிருந்தவனின் மூளை ஒரு காகிதம் வந்தவுடன் எப்படிக் கெட்டுப் போயிற்று என்றுதான் கேட்கிறோம்.

மூன்றாவது கதவு தகுதித் தேர்வு. மத்திய சர்க்காரின் 2009-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்தையொட்டி வந்தது இது. மொத்தம் 150 கேள்வி, 150 மார்க்கு. நம் மாகாணத்தில் 2012 ஜூலையில் முதன்முதல் நடத்தியபோது ஒன்றரை மணி நேரந்தான் கொடுத்தார்கள். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர்! உடனே "வாத்தியார்களுக்கே ஒன்றும் தெரியவில்லை" என்று பத்திரிகைகள் கைகொட்டின. அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். சுமார் 19 ஆயிரம் பேர் தேறினார்கள். மூன்று மாதத்தில் எல்லோருக்கும் ஞானோதயம் ஆகிவிட்டதா? யோசித்து எழுத நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதைவிட மோசம் "வெயிட்டேஜ்" என்ற ஏற்பாடு. 2014 உத்தரவுப்படி பட்டதாரி உபாத்தியாயருக்கு நூற்றில் 60 பங்கு தகுதித் தேர்வுக்கு. மீதியில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15. அதாவது, மார்க்கு கஞ்சத்தனமாகப் போட்ட காலத்தில் பதினேழு வயதில் வாங்கிய மார்க்கு, நாற்பது வயதில் வந்து கழுத்தைப் பிடிக்கும்! பிறப்பால் தகுதி என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாற்றிக்கொள்ள முடியாததை வைத்து மனிதனை அளப்பதுதானே இரண்டும்? 2018-ல் அதை விட்டுவிட்டு, தேறியவர்களுக்கு இன்னொரு போட்டிப் பரீட்சை என்றார்கள். பரீட்சை கஷ்டமானாலும் நாம் அதைக் குறை சொல்ல மாட்டோம். படித்தால் தாண்டலாமல்லவா?

இனி காரியத்துக்கு வருவோம். பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வரிசை தப்பி நேரே திறந்தவெளியில் வாங்கிய பட்டம் இங்கு உதவாது. பி.எட். படிப்பை 2015 முதல் இரண்டு வருஷமாக்கிவிட்டார்கள். அதில் இரண்டாம் வருஷம் 16 வாரம் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்த வேண்டும். ஆகவே தறியை ஓட்டிக்கொண்டே படிக்கலாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு வருஷக் கூலி போகும். அந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டியோடு பேசிப் போட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். பி.எட். படித்தவர் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள வேலைக்கு ஆக மாட்டார் என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதற்கு வேறு டிப்ளமா இருக்கிறது. கல்லூரிக்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பணம் கொடுத்தால் வேலை என்று வருகிற தரகனை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

இன்னொரு தரகனும் உண்டு. குருபலம் வந்துவிட்டதா என்று ஜாதகம் பார்க்கிறவன். ஆறரை லட்சம் பேரில் 2,448 பேருக்குத்தான் அந்த ஜூலையில் குரு பார்த்தார் போலும்! அக்டோபரில் கண்ணாடி மாட்டிக்கொண்டார்.

தாய்மார்களே, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்லுகிறோம். பி.ஏ., பி.எஸ்ஸி. படித்துவிட்டுத் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் இந்த ஊரில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். பிள்ளை பெற்று வளர்த்ததில் பத்து வருஷம் போயிற்றே என்று நினைக்க வேண்டாம். தகுதித் தேர்வில் குழந்தை வளர்ச்சிக்கென்றே 30 மார்க்கு வைத்திருக்கிறார்கள். புஸ்தகத்தில் போட்டிருக்கும் பெயர்தான் உங்களுக்குப் புதிது.

சான்றிதழ்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு நாளைக் காலை வருகிறவர்களுக்காக நாம் இங்கேயே இருப்போம். பத்தாம் வகுப்பு முதல் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்.