மடியில் பாடும் கித்தார்

மடியில் கிடத்தி, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் கித்தார், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. இந்தியாவில் பலர் ஹவாய் மெட்டுகளையே வாசித்தார்கள். ராஜஸ்தானின் பிரிஜ் பூஷன் காப்ரா அப்படிச் செய்யவில்லை. சரோட் மேதை அலி அக்பர் கானிடம் பயின்று, அதே கித்தாரில் ராகம் வாசித்தார். 1967இல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டே சாட்சி.

நம் கோட்டுவாத்தியமும் இதே இனம்தான். வீணைக்கு உள்ளதுபோல் மெட்டுகள் கிடையாது. சுருதிக்குக் காதுதான் காவல்.

பாயான் பாருவில் கித்தார் பழகும் தம்பி தங்கைகளே, முதலில் வாயால் பாடுங்கள். அந்தக் குழைவைக் கம்பியில் தேடுங்கள். பிறர் வாசித்ததை அப்படியே வாசித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால், உங்கள் குரல் கடைசிவரை கேட்காது.