பீலித் தண்ணீருக்கு மேலே என்ன இருக்கிறது?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளப் பேச்சுக்குப் போகுமுன் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறோம். அதுவும் நமது உரிமைப் பிரச்சினைதான்.

அக்கரப்பத்தனை மலைகளில் விழும் மழை அக்ரா ஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயாவோடு தலவாக்கலைக்கு வருகிறது. அங்கே 2012 முதல் மேல் கொத்மலைத் திட்டத்தில் அது மின்சாரம் தருகிறது. பிறகு கொத்மலை நீர்த்தேக்கம், அதன்பின் மகாவலி. கண்டி நகரத்தாரும் மகாவலித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அவர்களுக்கு அதை வடிகட்டி, குளோரின் போட்டு, சோதித்துக் குழாயில் விடுகிறார்கள். ஊற்றடியில் இருக்கும் நமக்கோ, பல தோட்டங்களில், மூடியில்லாத ஒரு டேங்கியும் வெடித்த பைப்பும்தான்.

மலைத் தண்ணீர் சுத்தமானது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காட்டுக்குள்ளிருந்து வந்தால் சரி. ஆனால் ஊற்றுக்கு மேலே தேயிலை மலை இருக்கிறது, மாட்டுப்பட்டி இருக்கிறது, மேல் லயத்துக் கக்கூஸ் குழி இருக்கிறது, மரக்கறித் தோட்டமும் இருக்கிறது. பெருமழையில் எல்லாம் கீழேதான் வரும்.

கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்கிறார்கள். கட்டாயம் கொதிக்கவைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு முக்கியமாக. தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்தால் வயிற்றோட்டக் கிருமி செத்துவிடும். ஆனால் புல்லு மருந்து போகாது. உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். ஆகவே, அடுப்படியில் நம் பெண்கள் செய்யும் வேலையைக் காட்டி நிர்வாகம் தன் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது.

மருந்து டேங்கியை ஓடையில் கழுவுவதாகச் சிலர் குறை சொல்கிறார்கள். கழுவத் தனியிடம் கட்டிக் கொடுக்காமல், மருந்து அடிக்கிற தொழிலாளியை ஏசி என்ன பயன்? அந்த இடத்தைக் கேட்டு வாங்குவோம். ஊற்றைச் சுற்றி வேலி, மேலே மருந்தும் உரமும் போடாத ஒரு துண்டு நிலம், டேங்கிக்கு மூடி. இவையும் நம் கோரிக்கைப் பட்டியலில் இருக்கவேண்டும்.

சோதனை விஷயம் இன்னும் முக்கியம். பொதுச் சுகாதார பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள். சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்; கிருமி நீக்கிய போத்தலை அவர்களே தருவார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். வெயில் காலத்தில் ஒரு தடவை எடுத்து "நல்லது" என்று எழுதிவிட்டால் போதாது, மழை தொடங்கிய நாட்களிலும் எடுக்கவேண்டும். குடிதண்ணீர் 100 மில்லிலீற்றரில் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. புல்லு மருந்துக்கும் நைத்திரேற்றுக்கும் வேறு சோதனை. அதையும் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் செய்யமாட்டார்கள்.

முடிவு வந்ததும் துரையின் மேசைக்குள் போய்விடாமல், பிரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மூன்று விபரம் வேண்டும்: உங்கள் ஊற்று எங்கே, அதற்கு மேலே என்ன இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள். மாதர் தலைவிகளே நடந்து பார்த்து எழுதி வாருங்கள். தண்ணீர் சுமக்கிறவர்களுக்குத்தான் பாதை தெரியும்.