சிஸ்டர் திட்டினது ஏன்னு இப்போ புரியுது

முதலியார்பேட்டையில் நடக்கும் இந்தக் கூட்டத்துக்கு நான் பாகூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். பத்தாவது வரைதான் படிச்சேன். மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் பொறுத்துக்கணும்.

போன வருஷம் எங்க மாமியார் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். மூத்திரப் பை கட்டில் ஓரமாத் தொங்கிச்சு. காலில் இடிக்குதேன்னு எடுத்து மெத்தை மேலே வெச்சேன். சிஸ்டர் ஓடி வந்து சத்தம் போட்டாங்க. பை இடுப்புக்கு மேலே போனால் அதில் இருக்கிறது குழாய் வழியாத் திரும்பி உள்ளே போகும், கிருமியும் கூடவே போகும். பை தரையிலும் படக்கூடாதாம். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்களேன்னு எனக்குக் கோபம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி "உங்க பேர் என்னம்மா"ன்னு வேற கேட்பாங்க. நாலு நாளா பாக்குறாங்க, பேர்கூடத் தெரியலையான்னு முணுமுணுத்தேன். ஆள் மாறி மருந்து போயிடக்கூடாதுன்னுதான் கேக்குறாங்கன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

இனி சொல்லப்போறது என் தப்பு. ஒரு ராத்திரி அத்தை, கட்டுகிட்ட அரிக்குதுன்னாங்க. ஓரத்தைப் பிரிச்சு, வீட்டிலிருந்து கொண்டுபோன மஞ்சள்தூளைத் தடவி மறுபடி ஒட்டிட்டேன். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல். வாயைத் திறக்கப் பயம். வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலை. கடைசியில் அந்த சிஸ்டர்கிட்டயே அழுதுகிட்டே சொன்னேன். பைக்குக் கத்தினவங்க இதுக்குக் கத்தலை. "சொன்னீங்களே, அதுவே நல்லதும்மா"ன்னு சொல்லி, கை கழுவி, கையுறை போட்டு, கட்டைப் பிரிச்சுப் பாத்தாங்க. தையல் ஓரம் சிவந்திருந்துச்சு. டாக்டருக்குப் போன் போட்டு, நடந்ததை கேஸ் ஷீட்டில் எழுதினாங்க. மருந்து மாத்தினதும் மூணு நாளில் காய்ச்சல் விட்டுச்சு. மறைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னைக்கும் வயித்தைக் கலக்குது.

அவங்களுக்கும் உயிர் பயம் உண்டு. 2018-ல் கேரளாவில் நிபா வந்தப்போ, பேராம்பிரா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, நோயாளியைப் பாத்துக்கிட்டதில் அந்த நோயே தொத்தி இறந்துட்டாங்க. சின்னப் பிள்ளைகள் ரெண்டு பேர்.

சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகணுமாம். ஒவ்வொரு நோயாளியையும் தொடுறதுக்கு முன்னும் பின்னும் கை சுத்தம் பண்ணணும். ஒரு வார்டுக்கே ஒரு சிஸ்டர்னா கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த நேரத்தில் நாம ஆப்பிள் வாங்கிக்கிட்டு பத்துப் பேராப் போய்க் கட்டில் மேலே உக்காந்துக்கிறோம்!

அத்தை இப்போ கம்பு ஊனி நடக்கிறாங்க. யார் பாக்க வந்தாலும், "முதல்ல கை கழுவிட்டு வா"ன்னு வாசலிலேயே நிறுத்துறது அவங்கதான்.