ஓடுவோம், உடம்பு சொல்வதையும் கேட்போம்

(நமது கிளப் ஹவுஸில் சென்ற மாதம் நடந்த ஞாயிறு காலைச் சந்திப்பில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு இத்தனை பேர் வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேச்சு முடிந்ததும் பொங்கல், வடை உண்டு என்று செயலாளர் குரூப்பில் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். வடை ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. கணக்குப் பார்க்கிறவன். காலை நாலே முக்காலுக்கு அரை டிராயரோடு கேட்டைத் தாண்டிப் போகிறவன் என்று உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும்.

ஓட ஆரம்பித்தபோது எனக்கு வயது 44. ஆஃபீஸ் ஹெல்த் செக்கப்பில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மாத்திரைக்கு முன்னால் மூன்று மாதம் நடந்து பாருங்கள் என்றார் டாக்டர். நம் வளாகத்தை ஒரு சுற்று சுற்றினால் 600 மீட்டர். முதல் வாரம் இரண்டு சுற்று நடந்தேன். ஆறாவது மாதம் பத்துச் சுற்று ஓடினேன். பிறகு சென்னை மராத்தானில் 10 கிலோமீட்டர், அடுத்த வருடம் 21.1, அதற்கும் அடுத்து முழுசாக 42.195. இதுவரை ஐந்து முழு மராத்தான். சர்க்கரை இறங்கியது, பதினோரு கிலோ குறைந்தது. இனி எனக்கு ஒன்றும் வராது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. இன்று பேச வந்தது அந்த எண்ணத்தைப் பற்றித்தான்.

போன வருடம் ஜூலை மாதம். ஜனவரி மராத்தானுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சென்னை தட்டையான ஊர். ஏற்றம் வேண்டுமென்றால் மேம்பாலம்தான். வாரம் ஒரு நாள் மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏறி இறங்குவேன். ஒரு நாள் ஏறும்போது நெஞ்சுக்கு நடுவில் ஓர் இறுக்கம். வலி என்று சொல்ல முடியாது. யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருந்தது. நின்றேன், இரண்டு நிமிடத்தில் போய்விட்டது.

முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் வந்தது. கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். மூன்றாவது வாரம் ஜிம்மில் தூக்கிய எடைமேல் பழி போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஓட விடமாட்டார்கள். போனில் இருக்கும் செயலியோ 140 நாளாக ஒரு நாளும் தவறவில்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. நம் குரூப் சவாலில் நான் இரண்டாவது இடம். அதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாவது!

ஒரு நாள் திரும்பி வரும்போது, கேட்டில் இரவு டூட்டி பார்க்கும் அண்ணன் கேட்டார்: "ஏன் சார், ஒரு வாரமா நெஞ்சைத் தடவிக்கிட்டே வர்றீங்க? எங்க அப்பாவும் இப்படித்தான் தடவிக்கிட்டு இருந்தாரு." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

மேலே போய் மனைவியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை; கார் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி நார்மல். நான் அப்போதே எழுந்திருக்கப் பார்த்தேன். டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். வேகம் கூடினால் வந்து, நின்றால் போகிறதா? உங்கள் அப்பாவுக்கு இதய நோய் உண்டா? இரண்டுக்கும் ஆமாம். அப்பாவுக்கு 51 வயதில் அட்டாக் வந்தது. எனக்கு அப்போது 52. சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் அடைப்பு இருக்கலாம் என்று சொல்லி டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார். பாதியிலேயே நிறுத்தினார்கள். மறுநாள் ஆஞ்சியோ. ஒரு ரத்தக் குழாயில் 90 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

படுக்கையில் கிடந்தபோது ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். 35 வயதில் குண்டாக, சிகரெட் பிடிப்பவராக இருந்தவர் ஓட ஆரம்பித்தார், சிகரெட்டை விட்டார். 1977-ல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் சாதாரண மக்களை ரோட்டில் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். 1984 ஜூலையில், தினசரி ஓட்டத்துக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். அப்போது அவருக்கும் வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு தெரிந்தது. அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் முதல் அட்டாக், 43-ல் மரணம்.

"பார்த்தீர்களா, ஓடினால் இப்படித்தான்" என்று அப்போதும் பலர் பேசினார்கள். அது தப்பு. ஓட்டம் அவருக்கு நல்லதே செய்திருக்கும், எனக்கும் செய்தது. ஆனால் பரம்பரையாக வந்ததையும் பழைய பழக்கம் விட்டுப்போனதையும் ஓட்டம் மட்டுமே துடைத்துவிடாது. எனவே 40 தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது சிறு வயதில் இதய நோய் வந்திருந்தால், ஷூ வாங்குவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். அப்பா, அம்மா கதையை மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது நான் மறுபடியும் ஓடுகிறேன். டாக்டர் சொன்ன வரிசையில், முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றி. நான் சாப்பிடும் மாத்திரை நாடித் துடிப்பைக் குறைத்துக் காட்டும் என்பதால் கைக்கடிகாரத்தின் கணக்கு எனக்குச் சரிவராது. அதனால் ஒரே அளவுகோல்தான்: பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

இது இதய நோயாளிக்கு மட்டும் சொன்ன விதி இல்லை. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத அந்த 800 மீட்டருக்கு, லிடியார்ட் மாதக்கணக்கில் நீண்ட தூர ஓட்டத்தைத்தான் அடித்தளமாகப் போட வைத்தார். 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் நடுத்தர வயது ஆட்களைச் சேர்த்து, பேசிக்கொண்டே மெல்ல ஓட வைத்தவரும் அவர்தான். அதைப் பார்த்துவிட்டுப் போன பில் பவர்மன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் மூலமாகத்தான் ஜாகிங் அங்கே பரவியது.

நம்மில் பலர் செய்வது நேர் எதிர். வாரத்தில் நாலு நாள் ஓடுவோம். நாலு நாளும் பந்தயம்தான். தசை சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் முழங்காலும் குதிகாலும் போகின்றன. நாலில் மூன்று ஓட்டம் மெதுவாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு எடுங்கள். உடம்பு பலமாவது ஓய்வில்தான். முந்தின இரவு ஐந்து மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்றால் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுங்கள். செயலியில் ஒரு நாள் காலியாக இருந்தால் குடி மூழ்கிவிடாது.

கோடை வந்துவிட்டது. நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆறு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், வேகத்தைக் குறையுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், ஆனால் பயந்துபோய் லிட்டர் லிட்டராகக் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓட்டத்தின்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். நீண்ட ஓட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் – இதில் எது வந்தாலும் அங்கேயே நில்லுங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று பார்க்காதீர்கள். குணமாகவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். போய்விட்டாலும், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நான் மூன்று வாரம் கடத்தினேன். எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, காலையில் வெளியே ஓடப் போகிறவர்களின் ஃபிளாட் எண்ணும் வீட்டார் போன் எண்ணும் கேட்டில் ஒரு நோட்டில் இருக்கட்டும். இரண்டு, மயங்கி விழுந்தவருக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கும் சிபிஆர் பயிற்சியை இந்த கிளப் ஹவுஸிலேயே நடத்துவோம். முதல் வரிசையில் நம் செக்யூரிட்டி ஊழியர்களும் ஹவுஸ்கீப்பிங் அக்காமார்களும் உட்காரட்டும். விடியற்காலையில் நம்மை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மூன்று, அடுத்த ஸ்டெப்ஸ் சவாலில் ஓய்வு நாளுக்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்கள் செவ்வாய், வியாழன், சனி காலை ஐந்தரைக்கு ஏ பிளாக் வேப்ப மரத்தடிக்கு வாருங்கள். நான் இருப்பேன். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஐந்து சுற்று. தனியாகப் போனால் படுக்கை விடாது. மரத்தடியில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் கால் தானாக இறங்கும். என்னை முந்திக்கொண்டு யாரும் ஓட வேண்டாம், பேச ஆள் வேண்டும்.

அன்றைக்குக் கேட்ட அண்ணன் இன்று நைட் டூட்டி முடித்துவிட்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் தட்டு அவருக்குப் போகட்டும்.