இரும்புக்கு இடம் விடுங்கள்

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகிறவர்கள் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது அந்த நான்கு ராட்சதக் குழாய்களைப் பார்க்காமல் போக முடியாது. பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் குழாய்கள் அவை. அந்த மின்நிலையம் 1958-இல் ஓடத் தொடங்கியது. மேகமலையிலும் இதே கதைதான். மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று மலைமேல் தேங்கும் தண்ணீர், சரிவில் குழாய் வழியே இறங்கி, 1978 முதல் சுருளியாறு மின்நிலையத்தில் 35 மெகாவாட் மின்சாரம் தருகிறது.

அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஓடும்வரை இரும்பு குளிர்ந்தே இருக்கும். பராமரிப்புக்காகத் தண்ணீரை வடித்துவிட்டால்? சித்திரை வெயில் நேராக இரும்பில் இறங்கும். 100 மீட்டர் எஃகுக் குழாய் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 36 மில்லிமீட்டர் நீளும். மூன்று விரல்கடை கூட இல்லை. ஆனால் இரண்டு முனையையும் அசையாமல் கட்டிவிட்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 700 கிலோ அழுத்தம் சேரும். ஒரு மீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள குழாய் என்றால், முட்டும் விசை 400 டன்னுக்கு மேல்!

இந்த விசையை நம் ஊர்க் கொல்லர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக இரும்புப் பட்டையை வளைத்து, நெருப்பில் பழுக்கவைத்து, விரிந்த நேரத்தில் மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிக்கொள்ளும். அங்கே வெப்பம் வேலைக்காரன். குழாயில் அதே வெப்பம் எதிராளி.

மலைக் குழாயில் தீர்வு இதுதான். குழாய் திரும்பும் இடங்களில் பெரிய கான்கிரீட் ஆங்கர் பிளாக் போட்டுக் கெட்டியாகப் பிடிப்பார்கள். நடுவில் உள்ள தாங்கிகளில் குழாய் சறுக்கிக்கொள்ளலாம். ஆங்கருக்குச் சற்றுக் கீழே ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழையும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். நீளட்டும், சுருங்கட்டும் என்று அங்கே இடம் விடுகிறோம். அந்த ஆங்கரை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 5330 என்று தனி விதி வைத்திருக்கிறது.

இதே வெப்பத் தொல்லை தொழிற்சாலைக் குழாய்களுக்கும் உண்டு. அவற்றின் விதி பிறந்தது அமெரிக்காவில். நீராவிக் குழாய்கள் பெருகிய காலத்தில், 1935-இல் அழுத்தக் குழாய்களுக்கான முதல் பொது விதி வெளிவந்தது. அடுத்த பெரிய அடியை எடுத்துவைத்தவர் மார்க்கல் என்ற பொறியாளர். குழாய் வளைவுகளை ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து உடைத்துப் பார்த்தார். ஒரே முறை வரும் சூடு குழாயை உடைப்பதில்லை. சூடேறி, ஆறி, மீண்டும் சூடேறும் அலுப்புதான் உடைக்கிறது. 1955-இல் இது விதியாயிற்று. அதன் அடிப்படை அளவு 7,000 முறை. தினம் ஒரு தரம் என்று கணக்கிட்டால் சுமார் 19 ஆண்டு.

இனி எண்ணெய்த் தொட்டி. மணலி போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளில் வட்ட வட்டமாக நிற்கும் தொட்டிகளைப் பாருங்கள். தொட்டி பெரிது, தகடு மெல்லிது. எண்ணெய் நிரம்பினால் சுவர் வெளியே புடைக்கும். அடிப்பகுதியைத் தரைத் தகடு பிடித்திருப்பதால், அடியருகே உள்ள குழாய்வாய், அதாவது நாசில், வெளியே நகர்ந்து கீழ்நோக்கிச் சாயும். வெளியிலிருந்து வரும் குழாயோ வெயிலில் நீண்டு தொட்டியை நோக்கித் தள்ளும். இரண்டும் மோதுமிடம் நாசில். அங்கே விரிசல் விழுந்தால் தொட்டியில் உள்ள எண்ணெய் கசியும்.

தொட்டிகளுக்கான, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 650 விதி 1961-இல் வந்தது. நாசில் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கை 1970-களின் பிற்பகுதியில் பில்லிமோரியா, ஹாக்ஸ்ட்ராம் என்ற இருவர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதன் மேல் எழுந்ததுதான் ஏ.பி.ஐ. விதியின் 'பி' (P) இணைப்பு. 36 மீட்டரைவிட அகலமான தொட்டிகளுக்கு நாசிலின் விறைப்பையும், அது தாங்கும் எல்லையையும் அது சொல்கிறது.

கொல்லருடைய கணக்கு அவர் கையில் இருந்தது; அவரோடு போய்விட்டது. விதிப் புத்தகமோ, எங்கோ யாரோ உடைத்துப் பார்த்துக் கற்றதை நம் ஊர்ப் பொறியாளர் மேசைக்குக் கொண்டுவருகிறது. மலையடிவாரத்தில் குழாய்க்குக் கீழே வேலை செய்கிறவர்களின் உயிர் அந்தப் பக்கங்களை நம்பியிருக்கிறது. அடுத்த முறை அந்தக் குழாய்களைக் கடக்கும்போது, அவை அசையாமல் நிற்பதாக நினைக்காதீர்கள். அசைய இடம் இருப்பதால்தான் நிற்கின்றன.