மூலைக்கு எட்டாத வெளிச்சம்

பில்லியர்ட்ஸ் வகை ஆட்டமான பூல் விளையாடும் இடம் என்றதும் நம் கண்முன் வருவது பெரும்பாலும் சினிமா காட்டிய இடம்தான். கூடம் முழுக்க இருட்டு, மேசைக்கு மேலே தாழத் தொங்கும் ஒரு விளக்கு, புகை, குனிந்து குறிபார்க்கும் ஒருவனின் பாதி முகம். 1961-இல் வெளிவந்த ‘தி ஹஸ்லர்’ என்ற அமெரிக்கப் படத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பால் நியூமன் நடித்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒளிப்பதிவுக்காக யூஜின் ஷுஃப்டானுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. விருதுக்குத் தகுந்த வேலைதான். ஆனால் அந்த வெளிச்சம் காமிராவுக்காக வைத்தது. நடிகரின் முகத்தில் ஆசையும் தோல்வியும் தெரியவேண்டும் என்பதற்காக வைத்தது. ஆடுகிறவருக்கு வேண்டிய வெளிச்சம் வேறு. இதை மறந்துவிட்டு, படத்தில் பார்த்த அழகை அப்படியே கொண்டுவந்து மேசைக்கு மேல் தொங்கவிட்டால், நடுவில் கண் கூசும். மூலையில் குழி தெரியாது. பூல் மேசை விளக்கை மூலையிலிருந்து கணக்குப் போட்டு அமைக்கவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அழகு அந்தக் கணக்குக்குப் பகையில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்கு நன்றாகத் தெரிந்த கேரம் போர்டிலிருந்து தொடங்குவோம். போர்டுக்கு நேர் மேலே, தகரத் தொப்பி போட்ட ஒற்றை பல்பைத் தொங்கவிட்டு இரவெல்லாம் ஆடுவார்கள். அது சரியான ஏற்பாடு. போர்டின் ஆடுபரப்பு சுமார் 74 சென்டிமீட்டர் சதுரம். நடுவிலிருந்து மூலை வரை 52 சென்டிமீட்டர்தான். பல்பு 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நடுவில் விழும் வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல் மூலைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இதே பழக்கத்தைப் பூல் மேசைக்குக் கொண்டுபோகும்போதுதான் கணக்கு உதைக்கிறது. போட்டிகளுக்கான ஒன்பது அடி மேசையில் ஆடுபரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். நடுப்புள்ளியிலிருந்து மூலைக் குழிக்கு ஏறத்தாழ 56 அங்குலம். துணியிலிருந்து 40 அங்குல உயரத்தில் ஒரு பல்பு தொங்குகிறது என்றும், அது எல்லாப் பக்கமும் ஒரே அளவாக ஒளி வீசுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பல்புக்கும் மூலைக்கும் இடையே 69 அங்குலம். ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். அந்த ஒரு காரணத்தாலேயே மூலைக்கு வருவது மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அதுவும் நேராக விழாமல் சாய்ந்து விழுவதால் இன்னும் பரந்து மெலிந்து, கடைசியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பூல் ஆட்டத்தில் முடிவு தெரிகிற இடம் குழி. ஆறு குழிகளில் நான்கு மூலையில் இருக்கின்றன. வெளிச்சம் மிகவும் வேண்டிய இடத்தில் அது மிகக் குறைவாக இருக்கிறது.

உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிமுறை இந்த விஷயத்தில் தெளிவானது. மேசையின் ஆடுபரப்பிலும் அதைச் சுற்றிய கட்டையிலும், எந்தப் புள்ளியை எடுத்தாலும், குறைந்தது 520 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கவேண்டும். சராசரி என்று அது சொல்லவில்லை, எந்தப் புள்ளியிலும் என்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் முழு வடிவமைப்பும் அடங்கியிருக்கிறது. ஒற்றை பல்பைக் கொண்டு மூலையில் 520 கொடுக்கவேண்டும் என்றால் நடுவில் 2,600 லக்ஸ் கொட்டவேண்டியிருக்கும். வெள்ளைப் பந்து அங்கே பளீரென்று எரியும். அதைப் பார்த்த கண் உடனே மூலைக்குத் திரும்பினால் அங்கே மங்கலாகத்தான் தெரியும். கூடுதல் வாட் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். வாட்டைக் கூட்டினால் இரண்டு இடமும் கூடும், விகிதம் அப்படியே நிற்கும்.

விகிதத்தை மாற்றுவதற்கு விளக்கைப் பரப்ப வேண்டும். 40 அங்குல உயரத்திலேயே, மேசையின் நீளவாக்கில் 33 அங்குல இடைவெளி விட்டு மூன்று விளக்குகளை வரிசையாக வைத்தால், மூலையின் பங்கு ஐந்தில் இரண்டாக உயர்கிறது. அந்த இடைவெளியை 40 அங்குலமாக நீட்டினால் ஏறத்தாழப் பாதி. கடைகளில் ஒரே கம்பியில் மூன்று விளக்குகள் கோத்து விற்பவற்றில் பல குட்டையாக இருப்பது, பெட்டியில் அடங்கவேண்டும் என்பதற்காக இருக்கலாம், மேசைக்காக இல்லை. ஆறு விளக்குகளை நீள்சதுரமாக, மேசையின் விளிம்பை ஒட்டினாற்போல் ஓடவிட்டு நடுவைக் காலியாக விட்டால், மூலைக்கு 60 சதவீதத்துக்கு மேல் கிடைக்கிறது. இப்போது போட்டிக் கூடங்களில் காணப்படும் எல்.ஈ.டி. சட்டங்கள், அதாவது நடுவில் ஒன்றுமில்லாத ஒரு செவ்வக வளையம், இந்தத் தத்துவத்தில் செய்தவையே. ‘நடுவில் விளக்கே இல்லையே, நடு இருண்டுவிடாதா’ என்று தோன்றும். இருளாது. நாலா பக்கத்திலிருந்தும் ஒளி வந்து சேர்வதால் அப்போதும் மேசையிலேயே வெளிச்சம் மிகுந்த இடங்களில் ஒன்று நடுதான். சட்டத்தை மேசைக்கு வெளியே மட்டும் கொண்டுபோய்விடக் கூடாது. பந்து வந்து முட்டும் குஷனின் மூக்கு துணிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து சாய்ந்து வரும் ஒளியை அது மறைத்து, ஓரத்தில் ஒரு நிழல் பட்டையை உண்டாக்கும். குஷனை ஒட்டி நிற்கும் பந்தின் அடிப்பாகம் அந்த நிழலில் மூழ்கிவிடும்.

நிழலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. பந்து எப்படி மோதினால் குழிக்குப் போகும் என்பதை ஆட்டக்காரர் பந்தின் விளிம்பைக் கொண்டு கணிக்கிறார். ஒளி ஒரு புள்ளியிலிருந்து வந்தால் பந்துக்குப் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போன்ற நிழல் விழும். மூடியில்லாத மூன்று பல்பு என்றால் மூன்று நிழல். விளிம்பு எது, நிழல் எது என்று கண் தடுமாறும். மெருகேற்றிய பந்து ஒரு குவிந்த கண்ணாடியும்கூட. எத்தனை பல்போ அத்தனை வெள்ளைப் பொட்டு அதன் மேல் மின்னும். அந்தப் பொட்டுகளை வைத்தே குறி பார்க்கப் பழகியவர்கள் உண்டு, அவர்களுக்கு இது வசதி. ஆனால் பெரும்பாலோருக்குப் பால் நிறத் தகடு போட்ட, அகலமான ஒளிதான் ஏற்றது. நிழல் மென்மையாகிக் கரைந்துவிடும்.

இனி அழகுக்கு வருவோம். எதிர்ப்பு அங்கிருந்துதான் பலமாக வரும். பூல் மேசை என்பது பொழுதுபோக்கு, அறுவைச் சிகிச்சை மேசை இல்லை. வண்ணக் கண்ணாடி விளக்கு இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு என்ன களை இருக்கிறது என்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பூல் மேசைக்கு மேலே தொங்கும் வண்ணக் கண்ணாடிக் குடைகளுக்கு டிஃபனி பாணி என்று பெயர். நியூயார்க்கின் லூயி கம்ஃபர்ட் டிஃபனி நடத்திய பட்டறையிலிருந்து வந்த பாணி அது. அந்த விளக்குகள் பார்ப்பதற்காகச் செய்தவை. மேசை விளக்கு அதைக் கொண்டு பார்ப்பதற்காகச் செய்வது. இரண்டையும் ஒரே கண்ணாடியிடம் கேட்டால், பச்சையும் மஞ்சளுமாகச் சாயம் ஏறிய ஒளி துணியில் விழுந்து பந்துகளின் நிறத்தைக் கெடுக்கும். வழி சுலபம். குடையின் உட்புறத்தை வெள்ளையாக்கி, ஆட்டத்துக்கான ஒளியைக் கீழே மட்டும் விடவேண்டும். வண்ணக் கண்ணாடி பக்கவாட்டில் இருக்கட்டும்; அதற்கென்று மங்கலான தனி விளக்கு ஒன்றை உள்ளே வைத்தால் கூடத்தில் உள்ளவர்கள் அழகை ரசிக்கலாம், ஆடுகிறவர் ஆட்டத்தைப் பார்க்கலாம். மரச்சட்டம், பித்தளைப் பட்டை, மூங்கில் பின்னல், எதைக் கொண்டு வேண்டுமானாலும் அந்தப் பக்கவாட்டை அலங்கரிக்கலாம். கீழ்முகம் மட்டும் மேசைக்குச் சொந்தம்.

நிறம் கெட்டால் என்ன ஆகும் என்பதைத் தொலைக்காட்சி முன்பே கண்டுகொண்டது. 1969-இல் பி.பி.சி. தன் வண்ண ஒளிபரப்பின் சிறப்பைக் காட்ட ‘பாட் பிளாக்’ என்ற நிகழ்ச்சியில் ஸ்னூக்கரைத் தேர்ந்தெடுத்தது. நம் உதகமண்டலம் கிளப்பில் விதிகள் உருப்பெற்ற அதே ஸ்னூக்கர்தான். நிறமே ஆட்டமாக இருக்கும் விளையாட்டு அது. 2002-இல் உலகப் பட்டம் வென்ற பீட்டர் எப்டனுக்கு நிறக் குறைபாட்டால் சிவப்பையும் பழுப்பையும் பிரித்தறிவது கடினம். மட்டமான விளக்கு, நல்ல கண்ணுள்ளவரையும் அந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். பூலில் நான்காம் பந்து ஊதா, எட்டாம் பந்து கறுப்பு, மூன்றாவது சிவப்பு, ஏழாவது அரக்கு. பந்தில் எண் இருக்கிறதே என்றால், உருண்டு நின்ற பந்தில் எண் கீழ்ப்பக்கம் போயிருக்கலாம். காமிராவில் ஊதாவும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்ததால், தொலைக்காட்சிப் போட்டிகளுக்கென்று நான்காம் பந்தை இளஞ்சிவப்பாக மாற்றிய பந்துத் தொகுதியே வந்தது. பந்தை மாற்றுவதைவிட பல்பை மாற்றுவது மலிவு. நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100 வரை மதிப்பெண் உண்டு. பல்புப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று போட்டிருப்பார்கள். 90-க்கு மேல் பார்த்து வாங்கலாம். நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் 6,500 கெல்வின் நீலவெள்ளையைவிட, 4,000 கெல்வின் அளவிலான நடுநிலை வெள்ளை மேசைக்கும் முகங்களுக்கும் பொருந்தும்.

சுற்றிலும் இருட்டாக இருந்தால்தான் மேசை எடுப்பாகத் தெரியும் என்ற வாதம் ஒன்று பாக்கி. எடுப்பாகத் தெரியட்டும், மேசை 520 என்றால் கூடம் 50 லக்ஸ் இருந்தால் போதும் என்றுதான் அதே விதிமுறையும் சொல்கிறது. பத்துக்கு ஒன்று என்ற வேறுபாடே கண்ணுக்குப் போதிய நாடகம். முழு இருட்டாக்கினால், மேசையிலிருந்து நிமிர்ந்து நண்பரைப் பார்த்துவிட்டு மறுபடி குனியும் ஒவ்வொரு முறையும் கண் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணில் சேரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது என்பார்கள் கண் ஆய்வாளர்கள். இளைஞர்களுக்குக் களையாகத் தெரியும் இருட்டு, பெரியவர்களை அந்த இடத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியேற்றிவிடுகிறது.

உயரத்துக்கு விதி இரண்டு விதமாகச் சொல்கிறது. நகர்த்தக்கூடிய விளக்கு என்றால் துணியிலிருந்து 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நிலையான விளக்கு என்றால் 65 அங்குலம். 40 அங்குலத்தில் விளக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து ஆறடிக்குள் வந்துவிடும், நெட்டையானவர் தலையில் இடிக்கும். 65 என்றால் எட்டடி. பத்தடி உயரமுள்ள நம் வீட்டுக் கூரைக்குக் கச்சிதம். ஆனால் நம் ஊரில் அந்த இடத்தில் மின்விசிறி இருக்கும். விளக்கைக் கூரையிலும் விசிறியை அதற்குக் கீழேயும் வைத்தால், இறக்கைகளின் நிழல் துணி மேல் இடைவிடாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். விசிறியை மேசைக்குப் பக்கவாட்டில் தள்ளவேண்டும். காற்றில் ஊசலாடாதபடி விளக்கை ஒற்றை வயரில் தொங்கவிடாமல் இரும்புக் குழாயில் இறுக்கவேண்டும். மட்டமான எல்.ஈ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகமாக ஓடும் பந்து அதில் துண்டு துண்டாகத் தெரியும். செல்போன் காமிராவை விளக்குக்குக் காட்டினால் திரையில் பட்டை பட்டையாக ஓடுவதை வைத்து, கடையிலேயே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவும் போட்டி ஆடுகிறவர்களுக்குத்தானே, சும்மா ஆடுகிறவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். தேர்ந்த ஆட்டக்காரர் மங்கல் வெளிச்சத்திலும் பழக்கத்தால் சமாளிப்பார். புதிதாகக் கற்பவர்தான் பந்து ஏன் தவறியது என்று தெரியாமல் விழிப்பார். செலவும் அச்சப்படும்படி இல்லை. கட்டையையும் சேர்த்து மேசையின் பரப்பு ஏறத்தாழ நாலேகால் சதுர மீட்டர்; சும்மா ஆடுவதற்குச் சராசரியாக 520 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், பல்பு தரும் மொத்த ஒளியின் அலகில் 2,200 லூமென். பாதி ஒளி வெளியே சிதறும் என்று கணக்கு வைத்தாலும் 4,500 லூமென் போதும். 15 வாட் எல்.ஈ.டி. பல்பு மூன்று அதைக் கொடுத்துவிடும். பழைய இழை பல்பு என்றால் 300 வாட்டுக்கு மேல் ஆகியிருக்கும், தலைக்கு மேல் அடுப்பு வேறு.

விளக்கு வாங்கப் புறப்படும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேசையின் நீள அகலத்தையும் கூரையின் உயரத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டிய பிறகு, செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலியை இறக்கி, போனை முதலில் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள், பிறகு நடுவில். எண் துல்லியமாக இருக்காது, விகிதம் ஓரளவு சரியாகவே வரும். மூலையில் நடுவின் பாதிகூட இல்லை என்றால் விளக்கை நீளவாக்கில் பரப்பச் சொல்லுங்கள். கூடுதல் வாட் பல்பு விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள்.